எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே: பழைய தமிழ் உரைக்கோப்புகளும் அவற்றைத் திறக்கும் மென்பொருள்களும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

1980களின் நடுப்பகுதி முதல் ஒருங்குறி நிலைபெறும் வரையான காலத்தில் தமிழில் உருவான உரைக்கோப்புகள் பல்வேறு குறியேற்றங்களில் அமைந்தவை. அக்கோப்புகள் தம் குறியேற்றம் இன்னதெனத் தாமே அறிவிப்பதில்லை. அவற்றை எந்த மென்பொருள் கொண்டு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே திரையில் தோன்றும் பாடம் அமைகிறது. இக்கட்டுரை அக்குறியேற்றங்களின் வரலாற்றையும், அவற்றைத் திறக்கும் மென்பொருள்களின் வகைகளையும், மாற்றத்தின்போது நேரும் பாடவேறுபாடுகளையும் ஆராய்கிறது. பழைய கோப்பொன்றைத் திறப்பதற்கான மென்பொருளைத் தெரிவு செய்வது மூலபாட ஆய்வின் முதற்படி என்பதும், அத்தெரிவு ஆய்வேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உரைக்கோப்பு, குறியேற்றம், திஸ்கி, டாப், பாமினி, ஒருங்குறி, குறிமாற்றி, பாடவேறுபாடு.

முன்னுரை

உரைக்கோப்பு என்றால் எந்தக் கணினியிலும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடியது என்பது பொதுவான நம்பிக்கை. ஆங்கில உரையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. தமிழ் உரையைப் பொறுத்தவரை ஏறத்தாழ இருபது ஆண்டுக் கால எழுத்துகளுக்கு அது பொருந்தாது.

புலம்பெயர் தமிழரின் சிற்றிதழ்களைக் குறித்த முனைவர் பட்ட ஆய்வின்போது, இதழாசிரியர் ஒருவர் தம்மிடம் எஞ்சியிருந்த குறுவட்டொன்றை இக்கட்டுரையாளரிடம் வழங்கினார். அச்சுப்படிகள் இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டன. குறுவட்டு மட்டுமே எஞ்சியது. அதிலிருந்த கோப்புகளைத் திறந்தபோது ஒரு சிலவற்றில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி நிறைந்திருந்தன. வேறு சிலவற்றில் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளும் தென்பட்டன. இன்னும் சிலவற்றைக் கணினி திறக்கவே மறுத்தது. ‘கோப்பு பழுதாகிவிட்டது’ என்றே முதலில் கருத நேர்ந்தது. உண்மையில் எந்தக் கோப்பும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றையும் அதற்குரிய மென்பொருள் கொண்டு திறந்தபோது கவிதைகளும் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் மீண்டு வந்தன. ஆயினும் அவ்வாறு மீண்டு வந்த பாடம் முழுவதும் நம்பத்தக்கதா என்னும் வினா எஞ்சி நின்றது. அவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

உரைக்கோப்பின் இயல்பு

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை; எண்களையே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படுகிறது. 1963ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் அமெரிக்கச் செந்தரம் 0 முதல் 127 வரையான 128 இடங்களை ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் வழங்கியது. ஒரு பைட்டில் 256 மதிப்புகள் அமையக்கூடும் என்பதால் 128 முதல் 255 வரையான மேற்பாதி பிற மொழிகளுக்குக் கிடைத்தது. மேலை ஐரோப்பிய மொழிகள் தத்தம் மேற்குறியிட்ட எழுத்துகளை அங்கு வைத்தன. தமிழ் ஆர்வலர்கள் தமிழை அங்கு வைத்தனர்.

சொற்செயலியில் உருவாகும் கோப்பு தன் எழுத்துருவின் பெயரையும் உடன் வைத்திருக்கும். வெறும் உரைக்கோப்பில் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. எண்களின் வரிசை மட்டுமே உண்டு. ஆகவே அதைத் திறக்கும் மென்பொருள் குறியேற்றத்தை ஊகிக்க வேண்டும். அல்லது பயனர் அறிவிக்க வேண்டும். ஊகம் தவறினால் கோப்பு மாறாமலிருக்கும்போதே பாடம் மாறிவிடும்.

‘தமிழ்’ என்னும் ஒரு சொல்லே இதற்குத் தக்க சான்று. திஸ்கி குறியேற்றத்தில் இச்சொல் 190, 193, 162, 250 என்னும் நான்கு பைட்டுகளாக அமைகிறது. மேலை ஐரோப்பியக் குறியேற்றமாக எண்ணித் திறக்கும் மென்பொருள் இதனை முக்கால் என்னும் பின்னக்குறி, மேற்குறியிட்ட பெரிய ‘ஏ’, சென்ட் நாணயக்குறி, மேற்குறியிட்ட சிறிய ‘யூ’ எனக் காட்டும். பாமினி எழுத்துருவில் இதே சொல் ஐந்து பைட்டுகள்: ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் இது பதினைந்து பைட்டுகள். மூன்றும் ஒரே சொல். மூன்றையும் ஒரே மென்பொருள் தானாக அடையாளம் காணும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

குறியேற்றங்கள் பெருகிய காலம்

1980களில் தனிக்கணினி பரவத் தொடங்கியபோது தமிழுக்கெனப் பொதுக் குறியேற்றம் இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எனப் பல முயற்சிகள் தனித்தனியே எழுந்தன. எழுத்துருவை உருவாக்கியவர் தமக்கு உகந்த இடங்களில் எழுத்துகளை அமைத்தார். எழுத்துருவே குறியேற்றமாகவும் விளங்கிய காலம் அது.

இவற்றுள் இருவகைப் போக்குகளைக் காணலாம். முதல்வகை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்குப் பெற்ற பாமினி இவ்வகையினது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைவரிசையைத் தழுவியமையால் தட்டச்சு பயின்றோர் எளிதில் இதனைக் கைக்கொண்டனர். தனி உள்ளீட்டு மென்பொருளும் தேவைப்படவில்லை. எழுத்துருவை மாற்றினால் போதும். இரண்டாம் வகை ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் விட்டுவிட்டு மேற்பாதியில் தமிழை அமைத்தது. ஒரே கோப்பில் இருமொழிகளும் இடம்பெற இது வழிசெய்தது.

இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது சிக்கல் பெருகியது. ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தனக்கெனத் தனி எழுத்துருவைக் கொண்டிருந்தது. வாசகரின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாத நிலையைச் சமாளிக்க, பக்கத்துடன் எழுத்துருவையும் அனுப்பும் ‘இயங்கு எழுத்துரு’ நுட்பத்தை 1997ஆம் ஆண்டளவில் நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களின் உலாவிகளும் தத்தம் வழியில் அளித்தன. அந்நுட்பங்கள் கைவிடப்பட்டபின் அப்பக்கங்கள் எழுத்துரு இழந்த வெற்றுக் குறிகளாயின.

பொதுக் குறியேற்றம் வேண்டும் என்னும் குரல் 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் வலுப்பெற்றது. தொடர்ந்து மின்னஞ்சல் குழுவழி நிகழ்ந்த உரையாடல்களின் விளைவாகத் திஸ்கி உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்இணையம்99’ மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையுடன் இரு குறியேற்றங்களை முன்வைத்தது. இருமொழிக்குரியது டாப், ஒருமொழிக்குரியது டாம். தன்னார்வலர் வழக்கில் திஸ்கியும் அரசு வழக்கில் டாப், டாம் ஆகியனவும் ஒரே காலத்தில் நிலவின. தரப்படுத்தல் முயற்சிகள் பழைய குறியேற்றங்களின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. மேலும் மூன்றைச் சேர்த்தன என்பதே வரலாற்று உண்மை.

ஒருங்குறியின் வருகை

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991 அக்டோபரில் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி செந்தரத்தின் 1988ஆம் ஆண்டு அமைப்பைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி அதில் ஒதுக்கப்பட்டது. ஆயினும் செந்தரம் வெளிவந்த நாளும் அது பயன்பாட்டுக்கு வந்த நாளும் வேறு. லதா எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியை முதலில் தாங்கிய விண்டோஸ் பதிப்பு விண்டோஸ் 2000 ஆகும். பழைய கணினிகள் அதன்பின்னரும் பல்லாண்டுகள் பயன்பாட்டில் இருந்தன. 2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அது இயலாத இடங்களில் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் செந்தரங்களாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

எனவே 1991க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்துக் கோப்பு எதுவாயினும் அது ஒருங்குறியில் இருக்கும் என்று முன்கூட்டியே கொள்வதற்கில்லை. தமிழிலக்கிய வரலாற்றில் இது சிறிய இடைவெளியன்று. புலம்பெயர் இலக்கியம், இணைய இதழ்கள், மின்னஞ்சல் குழு விவாதங்கள், கணினியில் அச்சுக்கோத்த முதல் தலைமுறை ஆய்வேடுகள் ஆகிய யாவும் இக்காலத்தன.

இவ்விடைக்காலத்தை நன்கு கடந்ததற்கு மதுரைத் திட்டம் சான்றாகும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வத் திட்டம் தொடக்கக் கால எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் தன் மின்னூல்களை மாற்றியது. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களுடன், எக்குறியேற்றத்தில் உள்ளது, திறப்பதற்கு என்ன தேவை என்பனவும் எழுதப்பட்டுள்ளன. கோப்பே சொல்லாத செய்தியை மனிதர் எழுதிவைத்தனர். அச்சிறு குறிப்பே அத்தொகுப்பை இன்றளவும் பயன்படத்தக்கதாக வைத்திருக்கிறது.

திறக்கும் மென்பொருள்களின் வகைகள்

பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்க இன்று கிடைக்கும் வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, உரிய எழுத்துருவை நிறுவிச் சொற்செயலியில் காண்பது. இதுவே மூலத்துக்கு மிக நெருக்கமான தோற்றத்தைத் தரும். எழுதியவர் தம் திரையில் கண்டதை நாமும் காண்கிறோம். ஆனால் கணினிக்கு அது இன்னும் ஆங்கில எழுத்துகளின் வரிசையே. தேடவோ, அகரவரிசைப்படுத்தவோ, சொல்லடைவு எடுக்கவோ இயலாது. திஸ்கி போன்ற மேற்பாதிக் குறியேற்றங்களில் அமைந்த கோப்பை முதலில் மேலை ஐரோப்பிய உரையாகத் திறந்தால்தான் எழுத்துரு பொருந்தும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டாவது, குறியேற்றத்தைப் பயனர் அறிவிக்க இடந்தரும் மென்பொருள்கள். லினக்ஸ் கணினிகளில் இயங்கும் குனு சி நூலகத்தின் ‘ஐகான்வ்’ என்னும் மாற்றி திஸ்கியை அறியும். க்யூட் என்னும் நிரலாக்க நூலகமும் தன் ஐந்தாம் பதிப்பு வரை திஸ்கிக்கான குறிமாற்றியைத் தன்னகத்தே கொண்டிருந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த ஆறாம் பதிப்பில் பழைய குறிமாற்றிகள் தனியான ஒத்திசைவுத் தொகுதிக்கு ஒதுக்கப்பட்டன. திஸ்கி 2007இல் பன்னாட்டு இணைய எண்வழங்கு அமைப்பின் எழுத்துத்தொகுதிப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆயினும் இன்றைய உலாவிகள் பின்பற்றும் குறியேற்றச் செந்தரத்தின் பட்டியலில் திஸ்கியும் இல்லை, டாபும் இல்லை.

மூன்றாவது, தமிழுக்கெனவே உருவான குறிமாற்றிகள். சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர், ஓப்பன்-தமிழ் என்னும் பைதான் தொகுப்பில் இடம்பெற்றுள்ள குறிமாற்று நிரல் ஆகியன குறிப்பிடத்தக்கவை. திஸ்கி, டாப், டாம், பாமினி, மயிலை, வானவில் ஆகியவற்றுடன் இதழ்கள் சில தமக்கெனக் கொண்டிருந்த குறியேற்றங்களையும் கடைசியாகச் சொன்ன நிரல் கையாள்கிறது. குறியேற்றம் தெரியாதபோது தானே கணிக்கவும் முயல்கிறது. இது திறந்த மூல நிரல் என்பதால் எந்தக் குறி எந்த எழுத்தாக மாற்றப்படுகிறது என்னும் பட்டியலை ஆய்வாளர் தாமே படித்தறியலாம்.

நான்காவது, பைட்டுகளை எண்களாகவே காட்டும் கருவிகள். நிரலாளர்க்குரியது என எண்ணி மொழியாய்வாளர் இதனை நாடுவதில்லை. ஆயினும் கோப்பில் உள்ளதை உள்ளவாறு காட்டுவது இது ஒன்றே. மற்ற மூன்றும் காட்டுவது விளக்கத்தை. இது காட்டுவது மூலத்தை.

அச்சுக்கோப்பு மென்பொருளின் கோப்புகளைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூற வேண்டும். தமிழ்ப் பதிப்புலகில் நெடுங்காலம் கோலோச்சிய பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்த 7.0 ஆகும். அதன் வழித்தோன்றலான இன்டிசைன், சிஎஸ்6 வரையான பதிப்புகளில் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பின்வந்த பதிப்புகள் அவ்வசதியைக் கைவிட்டன. 2015இல் வெளிவந்த லிபர்ஆபிஸ் 4.4 முதல் இக்கோப்புகளைத் திறக்கும் வழி மீண்டும் கிடைத்தது. பக்க அமைப்பு முற்றாகப் பேணப்படாவிடினும் உரையை எடுத்துக் குறிமாற்றிக்கு வழங்க இது உதவுகிறது. இங்கும் இரு பூட்டுகள் உள்ளன: கோப்பு வடிவம் ஒன்று, அதனுள் உறையும் எழுத்துருக் குறியேற்றம் மற்றொன்று. முதற்பூட்டைத் திறந்தபின் இரண்டாவதைக் கண்டு கோப்பு பழுதென முடிவு செய்வோர் பலர்.

கண்ணுக்குப் புலப்படாத பாடவேறுபாடுகள்

கோப்பு திறக்கவில்லை என்றால் ஆய்வாளர் விழிப்படைகிறார். திறந்து, பெரும்பாலும் சரியாகத் தோன்றினால்தான் இடர் தொடங்குகிறது. குறுவட்டுக் கோப்புகளை மூலத்துடன் ஒப்பிட்டபோது தெரியவந்த மூன்று வகைகளை இங்குச் சுட்டலாம்.

(அ) இகரம் மறைதல். திஸ்கியின் தொடக்கப் பதிப்புகளில் இகர உயிர் 173ஆம் இடத்தில் இருந்தது. மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தில் அவ்விடம் வரியிறுதியில் மட்டும் வெளிப்படும் ‘மென்கோட்டுக்கு’ உரியது. மென்பொருள்கள் சில அதனை மறைத்தன, சில நீக்கின. இச்சிக்கலால் இகரத்துக்கு 254ஆம் இடமும் வழங்கப்பட்டது. நீக்கப்பட்ட கோப்புகளில் ‘இலக்கியம்’ ‘லக்கியம்’ ஆகும். இது பிழையெனக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ‘இதை’ ‘தை’ ஆகும். ‘இவை’ ‘வை’ ஆகும். ‘இமை’ ‘மை’ ஆகும். இவை யாவும் தமிழ்ச் சொற்களே. தைத்திங்கள் பற்றிய குறிப்புகளைத் தேடும் ஆய்வாளர்க்கு இல்லாத சான்றுகள் கிடைக்கும்.

(ஆ) ஔகார மயக்கம். பாமினி போன்ற தட்டச்சு மரபு எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குத் தனியிடம் இல்லை. ளகரமே அவ்விடத்தில் பயன்பட்டது. ஆகவே ‘கௌரவம்’ என்பதன் முதலெழுத்தும் ‘தெளிவு’ என்பதன் முதலிரண்டு எழுத்துகளும் கோப்பில் ஒரே அமைப்புடையன: கொம்பு, மெய், ளகரம். அடுத்து வரும் குறியைக் கருதாத குறிமாற்றி இரண்டையும் ஔகாரமாகக் கொள்கிறது. ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகவும், ‘வெளி’ ‘வௌி’ ஆகவும், ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆகவும் மாறுகின்றன. பல எழுத்துருக்களில் இவ்விரு வடிவங்களையும் கண்ணால் வேறுபடுத்துவது அரிது. கணினிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். வெளி என்னும் கருத்தாக்கத்தைப் புலம்பெயர் இலக்கியத்தில் தேடும் ஒருவர்க்கு, மாற்றப்பட்ட தொகுப்பில் அச்சொல்லே வழங்கவில்லை என்னும் முடிவு கிடைக்கக்கூடும். இக்கட்டுரையாளரும் முதலில் அம்முடிவுக்கே வந்தார்; அச்சுப்படி ஒன்று தற்செயலாகக் கிடைத்து ஒப்பிட்டிராவிடில் ஆய்வேட்டின் ஓர் இயலே பிழைபட்டிருக்கும்.

(இ) ரகர ஒற்றும் காலும். ‘ர்’ என்னும் எழுத்தும் புள்ளியிட்ட காலும் வடிவில் ஒத்தவை. தட்டச்சு மரபில் பழகியோர் காலை இட்டுப் புள்ளி வைப்பதும் உண்டு. அது ஒருங்குறிக்கு மாறும்போது ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என அமைகிறது. இன்றைய இணையத் தமிழிலும் இவ்வடிவத்தைப் பரவலாகக் காணலாம். வாசிப்போர்க்கு வேறுபாடு புலப்படாது. சொல்லடைவில் ஒரு சொல் இரண்டாகப் பிரியும்.

இம்மூன்றினும் கொடியது நான்காவதான முற்றழிவு. திஸ்கிக் கோப்பை யூடிஎஃப்-8 என ஊகித்துத் திறக்கும் உரைத்திருத்தி, தனக்குப் பொருந்தாத பைட்டுகளின் இடத்தில் ‘மாற்றீட்டு எழுத்து’ என்னும் வினாக்குறியை இடும். அந்நிலையில் கோப்பைச் சேமித்தால் ககரமும் மகரமும் ஒரே குறியாகிவிடும். அதன்பின் எக்குறிமாற்றியாலும் அதனை மீட்க இயலாது. திறந்து பார்த்ததே அழிவுக்குக் காரணமாகிவிடும்.

ஏட்டுச்சுவடியும் உரைக்கோப்பும்

இச்சிக்கல்கள் தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்குப் புதியன அல்ல. ஏட்டுச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் யாப்பையும் பொருளையும் பிற சுவடிகளையும் துணைக்கொண்டே சொல்லை உறுதிசெய்தனர். சுவடியில் உள்ள ஒரு கோடு காலா, ரகரமா என்பதைத் தீர்மானித்தது பதிப்பாசிரியரின் புலமை.

உரைக்கோப்பில் உள்ள ஒரு குறி ஔகாரத்தின் பகுதியா, ளகரமா என்பதை இன்று தீர்மானிப்பது குறிமாற்றியின் நிரல்வரி. செயல் ஒன்றே, செய்வோர் வேறு. பதிப்பாசிரியர் தம் தெரிவை அடிக்குறிப்பில் விளக்கினார். ஏற்காத பாடத்தையும் பாடவேறுபாடாகத் தந்தார். குறிமாற்றி தன் தெரிவைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஆதலின் அக்குறிப்பை எழுதும் கடமை ஆய்வாளர்க்கு உரியதாகிறது. சுவடி இத்தனை இதழ்கள் கொண்டது, இன்னாரிடமிருந்து பெறப்பட்டது, இவ்விடங்களில் சிதைந்துள்ளது எனக் குறிக்கும் நாம், மின்கோப்பைப் பயன்படுத்தும்போது ‘இணையத்திலிருந்து பெறப்பட்டது’ என ஒரு தொடருடன் நின்றுவிடுவது முறையாகாது.

மென்பொருள் தெரிவுக்கான நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பழைய தமிழ்க் கோப்பொன்றை அணுகும் ஆய்வாளர்க்குரிய நடைமுறையைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலில் மூலக்கோப்பைப் படியெடுத்து, மூலத்தை எழுதவியலாத நிலையில் பாதுகாக்க வேண்டும். திறத்தலும் மாற்றலும் படியில் மட்டுமே நிகழ வேண்டும்.

அடுத்து, பைட்டுகளைக் காட்டும் கருவியால் குறியேற்றத்தை இனங்காண வேண்டும். 127க்கு மேற்பட்ட மதிப்பே இல்லாமல், ஆங்கில எழுத்துகளிடையே அரைப்புள்ளி மிகுந்து காணப்பட்டால் அது பாமினி வகையினதாகலாம்; அவ்வெழுத்துருவில் அரைப்புள்ளியே மெய்ப்புள்ளி. 224ஐ அடுத்து 174 அல்லது 175 இடைவிடாது வந்தால் அது ஒருங்குறியின் யூடிஎஃப்-8. ஆங்கிலச் சொற்கள் இயல்பாகத் தோன்ற, இடையில் 166, 167, 168 ஆகிய மதிப்புகள் மிகுந்திருந்தால் திஸ்கியாகலாம். அவை முறையே எகர, ஏகார, ஐகாரக் குறிகள். இது தொடக்க ஊகமே. தெரிந்த சொல்லொன்றை, குறிப்பாக இதழின் பெயரையோ ஊரின் பெயரையோ, கொண்டு சரிபார்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒன்றுக்கு மேற்பட்ட குறிமாற்றிகளால் மாற்றி விளைவுகளை ஒப்பிட வேண்டும். இரு சுவடிகளை ஒப்பிடுவது போன்றதே இது. வேறுபடும் இடங்கள் ஐயத்துக்குரியன. ஒத்துப்போகும் இடங்களிலும் ஔகாரம், மொழிமுதல் இகரம், புள்ளியிட்ட கால் ஆகியவற்றைத் தனியே தேடிப் பார்த்தல் நன்று. ஔகாரக் குறியை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அது பிழையென உறுதியாகக் கூறலாம். தமிழில் ஓரெழுத்து இரு உயிர்க்குறிகளை ஏற்பதில்லை.

நான்காவதாக, வாய்ப்புள்ளபோது திறந்த மூல மென்பொருளையே தெரிவு செய்ய வேண்டும். அதன் மாற்றுப் பட்டியலைப் பிறரும் படிக்கலாம். நிறுவனம் கைவிட்டாலும் நிரல் எஞ்சும். தோற்றப்பொலிவும் விரைவும் இதற்குப் பிற்பட்டனவே.

இறுதியாக, மூலக்கோப்பின் பெயர், நாள், அளவு, கருதப்பட்ட குறியேற்றம், பயன்படுத்திய மென்பொருளும் அதன் பதிப்பும், கையால் செய்த திருத்தங்கள் ஆகியவற்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தருதல் வேண்டும்.

முடிவுரை

தமிழ் உரைக்கோப்புகளின் குறியேற்ற வரலாறு, பொதுத்தரம் இல்லாத நிலையில் தனிமனிதர்களும் இதழ்களும் அரசும் தத்தம் வழியில் தமிழைக் கணினிக்குக் கொணர்ந்த வரலாறாகும். அப்பன்மையின் பயனாகவே தமிழ் இணையத்தில் முந்தி நின்றது. அதன் விலையாக அக்கால எழுத்துகளின் ஒரு பகுதி இன்று வாசிக்க அரிதாயிற்று. உலாவிகளும் நிரல்நூலகங்களும் பழைய குறியேற்றங்களைப் படிப்படியாக விலக்கி வருவதால், இன்று ஓரிரு படிகளில் முடியும் மீட்பு நாளை மேலும் கடினமாகும்.

இவ்வாய்வின்வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, பழைய உரைக்கோப்பு புரியாத குறிகளாகத் தோன்றுவது அது அழிந்தமைக்குச் சான்றாகாது. இரண்டு, குறிமாற்றி தரும் பாடம் மூலத்தின் ஒரு வாசிப்பே. அதனைச் சரிபாராது சொல்லடைவோ எண்ணிக்கை ஆய்வோ மேற்கொள்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். மூன்று, மென்பொருள் தெரிவைப் பதிவு செய்தல் மூலபாட ஆய்வு நெறியின் பகுதியாக ஏற்கப்பட வேண்டும்.

குறுவட்டுகளும் நெகிழ்வட்டுகளும் இன்னும் பலரது அலமாரிகளில் உள்ளன. அவற்றை உருவாக்கிய இதழாசிரியர்களும் தட்டச்சாளர்களும் நம்மிடையே உள்ளபோதே, எந்த எழுத்துருவில் அமைத்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஏடு தேடி ஊரூராகச் சென்ற முன்னோர்க்கு அவ்வேட்டை எழுதியவரிடமே கேட்கும் வாய்ப்பு இருந்ததில்லை. நமக்கு அது இன்னும் சில ஆண்டுகளுக்கு உண்டு.